வேண்டாங்கன்னுதான் சொன்னேன்

காப்பியெல்லாம் எதுக்குங்க அம்மிணி, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனுங்க. வேண்டாங்க. நெசமாத்தான் வேண்டாங்க. செரி, கலக்கியே கொண்டாந்துட்டீங்க, இனி வேண்டாங்கக் கூடாது, குடுங்க. பாப்பா தூங்குதுங்களா? தூங்கட்டும், தூங்கட்டும். தூங்கற கொழந்தைய எட்டிப் பாக்கறது எனக்கு ஆகாதுங்க. எந்திரிச்சாப் பாத்துக்கறேன்.

பழைய ஊட்ட வுட்டு எதுக்கு நின்னேன்னுதான கேட்டீங்க? கேளுங்க, கேக்கோணும். கொழந்தையக் கையில குடுக்கறவங்க கேக்காம வுட்டாத்தான் தப்பு. சொல்லிப்போடறேன். எனக்கு மனசுல ஒண்ண வெச்சுட்டு வாயில ஒண்ணு பேசத் தெரியாதுங்க. எங்க வளவுல யார வேணா கேட்டுப் பாருங்க. பூங்கொடி பட்டுனு பேசிப்போடுவா, உள்ள ஒண்ணும் வெச்சுக்க மாட்டாம்பாங்க.

அதா, உங்க பால்கனிக்கு எதுத்தாப்புல தெரியுது பாருங்க, பி பிளாக்கு. அதுல ஏழாவது மாடிங்க. அபர்ணான்னு அந்தப் பொண்ணு பேரு, ஊட்டுக்காரரு கௌசிக்கு. ரெண்டு பேருக்கும் சரவணம்பட்டி ஐடி கம்பெனில வேலை. தமிழாளுங்கதான், ஆனா பொறந்து வளந்ததெல்லாம் பம்பாயி. ஆரவின்னு ஒரே பொண்ணு. மத்தியானம் ஸ்கூல் வேன்ல இருந்து அது எறங்கறதுல ஆரம்பிச்சு, பொழுதோட இவங்க மீட்டிங்கெல்லாம் முடியற வரைக்கும் நான் பாத்துக்கோணும். சோறு ஊட்டி, தூங்க வெச்சு, எந்திரிச்சதும் கீழ பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயி, மண்ணக் கழுவி வுட்டு மேல கூட்டியாரோணும். அரை நாள் வேலை. முழு நாளுக்கு ஆளு வேண்டாம்னுட்டாங்க.

நல்லவங்கங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன், பொறவு பூங்கொடி ஊட்டுக்கு ஊடு போயி குத்தம் சொல்றான்னு பேரு வரக்கூடாது. ஒரு நாளு கொரல ஒசத்திப் பேசுனதில்ல. என்ன அக்கா அக்கான்னுதான் கூப்புடுவாங்க. கெட்டவங்களா இருந்திருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு எறங்கி வந்திருப்பேன். இந்த நல்லவங்ககிட்டத்தானுங்க ஒண்ணுமே பண்ண முடியறதில்ல.

மொத நாளு போறேன். "அக்கா, காபி சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. "இருக்கட்டுங்க"ன்னேன். பின்ன, கால வெச்ச அன்னிக்கே நீட்டி வாங்கிக் குடிப்பாங்களா? "ஓகே அக்கா"ன்னுட்டு உள்ள போயி, தனக்கு மட்டும் ஒரு கப்பு போட்டுட்டு வந்து, எம்முன்னாலயே உக்காந்து குடிச்சுதுங்க. அதோட செரி. ரெண்டு வருசம் அந்த ஊட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல நானு. அக்காவுக்குக் காபி பிடிக்காதுன்னு ஊட்டுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் வேற சொல்லும். கேட்டுக்கு வெளிய பேக்கரில நின்னு குடிச்சிட்டுத்தான் மேல போவேன். பம்பாயில அப்பிடித்தான் போல. வேண்டாம்னா வேண்டாமாம்.

சம்பளம் மணிக் கணக்குங்க. எத்தனை மணி நேரம் இருக்கறனோ அத்தனைக்குக் காசு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. எச்சா நேரம் இருந்தா எச்சாக் காசு, ஒரு பைசா பாக்கி வெக்க மாட்டாங்க. போகப் போகத்தான் புரிஞ்சுது. வேலை செய்யற நேரத்துக்குத்தான் காசு, வேலைக்காகக் காத்துட்டுக் கெடக்கற நேரம் என்ற தலையில. சோறாக்கி வெச்சுட்டுச் சீலையக் கட்டிட்டுக் கெளம்பற நேரத்துக்குப் போன்ல மெசேஜு வரும். "அக்கா, இன்னைக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், வர வேண்டாம், ரெஸ்ட் எடுங்க." ரெஸ்ட் எடுங்களாம். அந்தப் பொண்ணோட அம்மா பம்பாயில இருந்து வந்தா எனக்கு ரெஸ்ட்டு. சனி ஞாயிறோட ஒரு லீவு ஒட்டிட்டு வந்தா அவங்க மூணாறு போயிருவாங்க, எனக்கு ரெஸ்ட்டு. ரெஸ்ட்டு எடுத்து எடுத்தே நான் கடங்காரி ஆயிட்டனுங்க.

அந்த நாள்ல வேற ஊட்டுக்குப் போலாமல்லன்னு நீங்க நெனைப்பீங்க. எப்பிடிங்க போறது? இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வான்னு யாரு கூப்புடுவாங்க? பி பிளாக்குலயே ஒரு டாக்டரம்மா கூப்புட்டாங்க. மாமியாரு படுக்கையில இருக்கறாங்க, மத்தியானத்துல கூட இருந்தாப் போதும், மாசச் சம்பளம்னாங்க. போகலீங்க. ஆரவி வேன்ல இருந்து எறங்குனதும் என்ற மூஞ்சியத்தான் தேடும். அன்னிக்கு நான் அந்த எடத்துல நிக்காட்டி அது என்னமாத் தவிக்கும்னு நெனச்சேன், போகல. இத அபர்ணாகிட்டச் சொன்னீங்களான்னு கேக்காதீங்க. இதெல்லாம் சொல்லிக் காட்டற விசயமா?

எனக்கு மாசமானாச் சீட்டுக் கட்டியாகோணுங்க. என்ற பொண்ண நர்சிங் காலேஜுல சேத்தறதுக்காகச் சீட்ட மொதல்லயே எடுத்துட்டேன். எடுத்தவ கட்டித்தான ஆகோணும்? சீட்டுப் புடிக்கற ரங்கநாயகிகிட்டப் போயி, இந்த மாசம் நான் வேலை செய்யற ஊட்டுல எல்லாரும் மூணாறு போயிட்டாங்க, அதனால காசு கம்மின்னு சொன்னா சிரிப்பாளா அழுவாளா? என்ற ஊட்டுக்காரரு லேத்துப் பட்டறையில நின்னு நின்னு முதுகு போயி உக்காந்திருக்கறாரு. மாசம் பொறக்கும்போதே இத்தனை வரும்னு ஒரு தொகை தெரிஞ்சா மனுசி நிம்மதியாத் தூங்குவா. எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதானுங்க.

அதே பிளாக்குல மேல்மாடி ஒண்ணுல சமையலுக்கு வர்றா கஸ்தூரி. வெக்கங்கெட்டவ. சேர்ற அன்னிக்கே வாசப்படில நின்னு சொல்லிப்போட்டாளாம், மாசச் சம்பளம், நீங்க ஊருக்குப் போனாலும் சம்பளம், நோம்பி நாளுக்கு லீவு, அதுக்கும் சம்பளம், தீபாவளிக்குச் சீலை வேண்டாம் காசாக் குடுத்துருங்கன்னு. எப்பிடித்தான் நாக்கு வந்துச்சோ. கேட்டுட்டிருந்த எனக்கே ஒடம்பு கூசிப்போச்சு. அவ கேட்டதெல்லாம் அவளுக்குக் கெடைச்சுது, அது வேற விசயம். அவதான் என்னப் புடிச்சு உலுக்குனா. "நீயும் போயிக் கேளு, வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னா.

செரி, கேட்டுப்போடலாம்னு ஒரு நாளு கெளம்பிட்டனுங்க. சித்திரை மாசம். மே மாசம் பூராவும் பம்பாயில இருக்கப் போறோம்னு அவங்க டிக்கெட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்தாங்க. எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு நான் ஆரவி துணிய மடிச்சதையே மடிச்சிட்டு நிக்கறேன், அந்தப் பொண்ணு தானாவே வந்து கேட்டுச்சுங்க. "அக்கா, மே மாசம் நாங்க இல்லாதப்போ உங்களுக்கு வருமானம் இருக்காதே. நாங்க ஏதாவது பே பண்ணட்டுமா? பாதியாவது?"

எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு. சாமியே வந்து கேட்ட மாதிரி இருந்துச்சு. "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? வேலை செய்யாம காசு வாங்குனா ஒடம்புல ஒட்டுங்களா?"ன்னேன்.

"ஷ்யூரா அக்கா?"

"ஆமாங்க"ன்னேன்.

"ஓகே அக்கா, யூ ஆர் ஸோ ஸ்வீட்"ன்னுட்டு லேப்டாப்புக்குத் திரும்பிருச்சுங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. எங்க பக்கம் கல்யாணப் பந்தில உக்காந்தா எலைக்கு மேல கைய மறைச்சுட்டுப் போதும் போதும்ங்கறோம். பரிமாறற ஆளு செரின்னு வாளியத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா அவன என்னன்னு பேசுவோம்? கை இருக்கட்டும்னு அதுக்கு மேலயே ஒரு கரண்டி வுட்டாத்தான அது பரிமாறறது? "ஷ்யூரா"ன்னு கேட்டுச்சல்ல, அது ரெண்டாவது தடவ கேட்ட மாதிரிதானன்னு கஸ்தூரி நாயம் பேசறா. ஷ்யூராங்கறது கேக்கறதாங்க? அது பேச்ச முடிச்சுக் கட்டறது. அன்னிக்கு வாசல்ல செருப்புப் போடறதுக்கே நான் அத்தனை நேரம் எடுத்துக்கிட்டேன். வாரு கழண்டிருக்கற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். பின்னாலயே வந்து, அக்கா, வாங்கிக்கத்தான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லும்னு. "பை அக்கா"ன்னு கதவச் சாத்திருச்சு.

அந்த மே மாசம் எப்பிடிப் போச்சுங்கறீங்க. ரங்கநாயகி வளவுக்கே வந்து நின்னுட்டா. சத்தமெல்லாம் போடல, சும்மா நின்னா. அதுக்குச் சத்தமே போட்டிருக்கலாம். என்ற காதுத் தோடு ரெண்டையும் கழட்டி அடகு வெச்சுக் கட்டுனேன். என்ற பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து வந்தவ, தோடு எங்கேம்மான்னு கேட்டா. கொக்கி வளஞ்சிருச்சு, சரி பண்ணக் குடுத்திருக்கறேன்னேன்.

ஜூன்ல அவங்க வந்தாங்க. வெறுங்காதோடதான் போனேன். வேணும்னேதான் போனேன், பாக்கட்டும்னு. காதுல ஓட்டை அடைக்காம இருக்கறதுக்கு வேப்பங்குச்சி சொருகியிருக்குது, பாத்தா யாருக்கும் புரிஞ்சிரும். அந்தப் பொண்ணு கதவத் தொறந்து என்னக் கட்டிப் புடிச்சுது. "மிஸ் பண்ணினோம் அக்கா"ன்னு ஒரு பெட்டி கடலை மிட்டாயக் கையில குடுத்துச்சு, அந்த ஊர்ல அதுக்கு வேற பேராம். அப்புறம் என்ற காதப் பாத்துச்சு. எனக்குத் திக்குனு ஆச்சு, இப்பக் கேக்கும்னு. "புது லுக்கா அக்கா? சிம்பிளா, ரொம்ப நல்லாருக்கு"ங்குது.

கோவம் வருமா வராதா, சொல்லுங்க. அன்னிக்குப் பூரா எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. சரி, வேற மாதிரி சொல்லிப் பாக்கலாம்னு, "இந்தத் தடவ வெய்யிலும் சாஸ்தி, செலவும் சாஸ்திங்க"ன்னேன். "ஆமா அக்கா, ஏசி பில் பாத்தீங்கன்னா பயந்துருவீங்க"ன்னுச்சு. இதுக்கு மேல ஒரு மனுசி எப்பிடிங்க கேக்கறது?

அப்பிடியே ஆடி ஆவணியெல்லாம் போச்சு. தீபாவளி நெருங்கிட்டிருந்துச்சு. அவங்க திரும்பவும் ஊருக்குப் போறதுக்குப் பெட்டி எறக்கறாங்க. நான் யோசன பண்ணுனேன். எங்க பக்கம் பொண்ணு கேக்கறதுன்னாலும் செரி, எடம் பேசி முடிக்கறதுன்னாலும் செரி, சம்பந்தப்பட்டவங்க வாயத் தொறக்க மாட்டோம். கூட ஒரு ஆளு வருவாங்க, அவங்கதான் பேசுவாங்க. நாம தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கோணும், அதுதான் மொறை. அதனால கஸ்தூரியக் கூப்புட்டேன். "எனக்காக நீ பேசு"ன்னேன். அவ மொதல்ல மாட்டேன்னா. "பேசுன பொறவு பின்வாங்க மாட்டியே?"ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்தா.

வந்து நின்னவ, உக்காரக் கூட இல்லீங்க. "பூங்கொடிக்கு மாசம் இத்தனைன்னு ஒரே சம்பளமாப் போட்டுருங்க. நீங்க கூப்புட்டாலும் செரி, கூப்புடாட்டியும் செரி. நீங்க ஊருக்குப் போற நாளும் அதுல சேத்தி. தீபாவளி பொங்கலுக்கு லீவு, அதுக்கும் சம்பளம் புடிக்கக் கூடாது"ன்னா.

அந்தத் தம்பி கௌசிக்கு கம்ப்யூட்டர மூடி வெச்சுட்டுக் கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு, "ஃபேர்தான். நாங்களே யோசிச்சிருக்கணும்"ன்னாரு. அந்தப் பொண்ணும் தலையாட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. தலையக் குனிஞ்சிட்டேன்.

அத்தோட வுட்டிருந்தா நான் இன்னிக்கு உங்க ஊட்டுல உக்காந்திருக்க மாட்டேன். ஆனா இந்தக் கஸ்தூரிக்கு வாயிக்கு ஒரு கதவு கெடையாது. "இல்லாட்டி இவ வேற ஊடு பாத்துக்குவா"ன்னு ஒண்ணச் சேத்துச் சொன்னா. தரையில உக்காந்து படம் போட்டுட்டிருந்த ஆரவி தலையத் தூக்கிப் பாத்துச்சு. "பூ ஆன்ட்டி, நீ போயிருவியா?"ன்னுச்சு. அந்த நேரம் பாத்து கௌசிக்கு தம்பி என்னப் பாத்துக் கேக்கறாரு. "அக்கா, நீங்க சொல்லுங்க. இதெல்லாம் நீங்க கேக்கறதுதானா?"

எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ஆரவி பாக்குது. நான் என்னங்க சொல்லுவேன்? "ஐயையோ, நான் ஒண்ணும் கேக்கலீங்க தம்பி. இவளா வந்து ஏதோ பேசிட்டு நிக்கறா"ன்னுட்டேன்.

பாக்காதீங்க அப்பிடி. பேசறதுக்குன்னு ஒரு ஆளு வந்து பேசி, இவங்களும் செரின்னு சொல்லி, முடிஞ்சுபோன பேச்சு. அத எதுக்கு என்ற பக்கம் திருப்போணும்? தட்டு மாத்தற நேரத்துல பொண்ணக் கூப்புட்டு, உனக்குக் கல்யாண ஆசை இருக்குதா, உன்ற வாயால சொல்லுன்னு சபையில கேட்டா எந்தப் பொண்ணு சொல்லுவா?

அந்தத் தம்பி எழுந்து வந்து, மெதுவாக் கேக்கறாரு. "அக்கா, இவங்க உங்களை ஃபோர்ஸ் பண்றாங்களா?" கஸ்தூரி விருட்டுனு வெளிய நடந்தா, நானும் பின்னாலயே போனேன். லிப்டுல கீழ வர்ற வரைக்கும் நம்பர் மாறறதையே பாத்துட்டு நின்னா. கீழ எறங்குன பொறவு, "இனி உன்ற சங்காத்தமே எனக்கு வேண்டாம்"ன்னுட்டுப் போயிட்டா. நான் பண்ணுனது என்ன தப்பு? ரெண்டு வார்த்தை கொறைச்சுப் பேசியிருந்தான்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். அன்னில இருந்து பேச்சுவார்த்தை இல்லீங்க. கேட்டுல பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவா.

தீபாவளிக்கும் காசில்ல. பொங்கலுக்கும் இல்ல. பொங்கல் கழிஞ்சு ஒரு நாளு ரெண்டு பேரும் என்ன உக்கார வெச்சாங்க. அந்தப் பொண்ணு என்ற கையப் புடிச்சுட்டுச் சொல்லுச்சு. "எங்களுக்கு ரொம்ப கில்டியா இருக்கு அக்கா. நெனச்சப்போ உங்களைக் கூப்பிடறோம், நெனச்சப்போ வேண்டாம்னு சொல்றோம். அது தப்பு. குடுத்தாலும் நீங்க வாங்கிக்க மாட்டேங்கறீங்க. உங்க நல்ல மனச நாங்க யூஸ் பண்ணிக்கற மாதிரி இருக்கு. அதனால ஆரவிய டேகேர்ல போட்டுட்டோம்."

வாயில வந்ததக் கேட்டேன், அங்க எப்பிடிங்க, மணிக் கணக்குத்தானான்னு. "இல்லக்கா, அங்க மாசத்துக்கு ஃபிக்ஸடு. முன்கூட்டியே கட்டிரணும். கொழந்தை வந்தாலும் வராட்டாலும், லீவுன்னாலும், மே மாசம் ஊருக்குப் போனாலும் ஃபுல் பேமென்ட். போர்டுல எழுதியே வெச்சிருக்காங்க. நமக்கும் ஈஸி, பேசவே வேண்டியதில்ல"ன்னுச்சுங்க.

கேட்டீங்களா? போர்டுல எழுதி மாட்டுனவனுக்கு மறு பேச்சில்லாமக் குடுக்கறாங்க. ரெண்டு வருசம் அந்தக் கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா மடியிலயே போட்டு உக்காந்திருந்தவளுக்கு ஷ்யூரா. அன்னிக்குத்தான் ஒரு கவர எடுத்து நீட்டுச்சு அந்தப் பொண்ணு. ஒரு மாசச் சம்பளம் அக்கா, வாங்கிக்கங்கன்னு. வேண்டாங்கன்னேன். ப்ளீஸ் அக்கான்னுச்சு. வேண்டாங்கன்னேன். அழுதுட்டே என்ற பைக்குள்ள வெச்சுது, எடுத்து டேபிள் மேல வெச்சுட்டேன். மூணு தடவ கேட்டுச்சுங்க அன்னிக்கு. நான் நெசமாவே வேண்டாம்னு சொன்னது என்ற வாழ்க்கையிலயே அந்த ஒரு தடவதான், அன்னிக்குப் பாத்துத்தான் அது மூணு தடவ கேட்டுச்சு. பஸ்ல ஏறுன பொறவுதான் அழுகை வந்துச்சு. காசுக்கா, கொழந்தைக்கான்னு எனக்கே தெரியலீங்க.

என்ன சொல்றீங்க? நான் கேக்கவே இல்லியா? நீங்களும் என்ற பொண்ணு மாதிரியே பேசறீங்களே. எத்தனை தடவ கேட்டேன். செருப்ப அத்தனை மெதுவாப் போட்டது கேக்கறதில்லீங்களா? காதுல வேப்பங்குச்சியோட போயி நின்னது கேக்கறதில்லீங்களா? வாயால கேட்டாத்தான் கேக்கறதா? அப்பிடிக் கேக்கறதுக்குக் கஸ்தூரி இருக்கறா.

அவளச் சொல்றேன், ஆனா பாருங்க, உங்க நம்பர செக்யூரிட்டிகிட்டக் குடுத்து எங்கிட்டச் சேத்தச் சொன்னது அவதானாம். கைக்கொழந்தை, நல்ல எடம், போகச் சொல்லுங்கன்னாளாம். எங்கிட்டப் பேச மாட்டாளாம், செக்யூரிட்டிகிட்டச் சொல்லுவாளாம். அவளும் ஒரு பொம்பள. நானும் இந்தத் தடவ கறாராப் பேசிட்டுத்தான் வேலைக்கு நிக்கறதுன்னு பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டு வந்தனுங்க. மாசச் சம்பளம், லீவுக்குச் சம்பளம், நீங்க கூப்புடாத நாளும் சேத்தி. வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். பக்கத்துல இருந்த அம்மா என்னமோ மந்திரம் சொல்றான்னு நெனச்சிருக்கும்.

அட, பாப்பா எந்திரிச்சுட்டாங்க. குடுங்க இங்க. வாடா தங்கம், வா சாமி. ஏனாம்? என்னாச்சாம்? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பாருங்க, புது ஆளுன்னு கூட இல்ல, தோள்ல சாஞ்சுட்டாங்க. வயித்துல காத்து இருக்குதுங்க, அதான். நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன். பேச வேண்டியதப் பேசுங்க, எனக்குக் காது கேக்குது.

லீவு நாளும் சேத்து மாசச் சம்பளமாவே போட்டுக் குடுத்தரட்டுமான்னா கேட்டீங்க? ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க அம்மிணி. கொழந்தை மூஞ்சியப் பாத்தாப் போதாதா? நீங்க கூப்புடற அன்னிக்கு வந்துட்டுப் போறேன்.

என்னங்க, செரின்னுட்டுச் செல்போனக் கையில எடுத்துட்டீங்க.

அதக் கீழ வையுங்க. இங்க, என்னப் பாருங்க. இன்னொருக்காக் கேளுங்க.